பதின்மூன்றாம் புத்தகமும் பிடரியில் இருந்த ஆணியும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. கோபத்தில்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

தொடர் நாவல்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சார்லைன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசையைக் குறிப்பிட்டு, ‘அதற்கு அதுதான் சரியான முடிவு’ என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் அந்த வரிசைக்குள் நுழைந்தது நான்காம் புத்தகம் வழியாக. பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கினேன். பட்டர்வொர்த் பெரிப் படகில் முதல் பக்கத்தைத் திறந்தவள், கரை வந்தும் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் வருடம் முழுக்கக் காத்திருந்தேன். எரிக்கும் சூக்கியும் சேர்வார்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான். கடைசியில் 2013-இல் ‘டெட் எவர் ஆஃப்டர்’ வந்தது. எரிக்கை ஒக்லஹோமா ராணிக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, சூக்கியை மதுக்கடை முதலாளி சாமோடு சேர்த்துவிட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். புத்தகம் கடைக்கு வரும் முன்பே கதை வெளியே கசிந்துவிட்டது. அதைக் கேள்விப்பட்ட அன்றே, ஒரு பக்கம்கூடப் படிக்காமல், இணையத்தில் அதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டேன்.

இப்போது பதின்மூன்றையும் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். அதே கடையில் கொடுத்துவிடப் போகிறேன். அதற்கு முன் உங்களிடம் கேட்கவேண்டும்: இத்தனை வருடம் கூடவே வந்த வாசகரை ஓர் ஆசிரியர் இப்படி ஏமாற்றலாமா?

என் பெயர் வேண்டாம், அக்கா.
புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வாசகி

—

அன்புள்ள தங்கைக்கு,

ஒரே வரியில் கடந்து போனது என் தவறு. அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பதின்மூன்றாம் புத்தகம் நல்ல புத்தகம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கவேண்டும். இப்போது சொல்கிறேன்.

இந்த வரிசையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு சிற்றூர். அங்கே மதுக்கடையில் பரிமாறும் பெண் சூக்கி. ஜப்பானியர் செயற்கை இரத்தம் கண்டுபிடித்துவிட்டதால், இனி மனிதரைக் கடிக்கத் தேவையில்லை என்று வேம்பயர்கள் வெளிப்படையாக வாழ வந்துவிட்ட காலம். (‘இரத்தக்காட்டேரி’ என்று எழுதலாம். ஆனால் காட்டேரிக்குப் படையல் போடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அவள் தெய்வம். அந்தப் பெயரை இவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.) 2001 முதல் 2013 வரை வருடத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று நாவல்கள். 2008-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து ஏழு பருவங்கள் ஓடியது.

சூக்கிக்கு மற்றவர்கள் மனதில் நினைப்பதெல்லாம் காதில் விழும். கடைக்கு வருகிறவன் அவளைப் பார்த்து என்ன நினைக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். எந்த ஆணோடும் ஒரு மாலைப்பொழுதைக்கூட நிம்மதியாகக் கழிக்க முடியாது. முதல் புத்தகத்தில் பில் என்ற வேம்பயர் கடைக்குள் வந்து உட்காருகிறான். அவன் மனதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அமைதிக்காகத்தான் அவனிடம் போகிறாள். இந்த வரிசை முழுவதற்கும் விதை அந்த ஒரு காட்சிதான். கூட்டுக் குடும்பத்தில், சுவருக்குச் சுவர் ஒட்டிய பிளாட் வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த ஏக்கம் உடனே புரிந்தது. செந்தூலில் எங்கள் வீட்டில் எட்டுப் பேர். ஒருவர் இருமினால் ஏழு பேருக்குத் தெரியும்.

இப்போது எரிக், பில்லுக்குப் பிறகு சூக்கி காதலிக்கும் இன்னொரு வேம்பயர். நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லித்தான் அவனைப் பற்றி என்னால் பேசமுடியும். பொந்தியானாக் என்ற பேயின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைப்பேற்றில் செத்துப்போனவள், வாழைமரத்தடியில் நிற்கிறவள், கெம்போஜா பூ வாசத்தோடு வருகிறவள். அவள் பிடரியில் ஓர் ஆணியை அறைந்துவிட்டால் அழகான பெண்ணாக மாறி, அறைந்தவனுக்கே மனைவியாக இருப்பாள். சமைப்பாள், பிள்ளை பெறுவாள், சிரிப்பாள். என்றாவது ஒருநாள் யாராவது அந்த ஆணியைப் பிடுங்கினால் பழையபடி ஆகிவிடுவாள். எங்கள் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், இதைச் சொல்லும்போதெல்லாம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவன் மேல் அவளுக்கு உண்மையிலேயே ஆசை இருந்ததா, இல்லை, எல்லாம் ஆணியின் வேலையா? மக்சிக்கிடம் அதற்குப் பதில் இல்லை.

ஹாரிஸின் நாவல்களில் ஆணி மனிதப் பெண்ணின் பிடரியில் இருக்கிறது. கணக்குப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஏழாம் புத்தகத்தில் எரிக்குக்கும் அவளுக்கும் இரத்தப் பந்தம் ஏற்படுகிறது. வேறொரு வேம்பயர் தன் இரத்தத்தைக் குடிக்கச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்திய இடத்தில் எரிக் குறுக்கே வந்து தன் இரத்தத்தைக் கொடுக்கிறான். காப்பாற்றத்தான் செய்தான், சரி. ஆனால் அன்றிலிருந்து அவள் மகிழ்ச்சியில் எது அவளுடையது, எது அவனுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்பதாம் புத்தகத்தில் ஒரு கத்தியைக் கையில் கொடுத்து, அதைத் தன்னிடம் நீட்டச் சொல்கிறான். நீட்டுகிறாள். வேம்பயர் சட்டப்படி அது கல்யாணம் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. நம் வீட்டுப் பெண் ஒருத்திக்கு இப்படி நடந்திருந்தால் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்?

பதினொன்றாம் புத்தகத்தில் சூக்கி தன் தோழியின் மந்திரத்தால் அந்தப் பந்தத்தை அறுத்துக்கொள்கிறாள். ஆணியைப் பிடுங்கியாயிற்று. அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் பக்கங்களைத் திரும்பப் படியுங்கள். அன்பு இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் அளந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் புத்தகத்தின் கடைசிதான் இந்த வரிசையின் உண்மையான முடிவு என்பது என் கட்சி. பாட்டி வழியாக வந்த மாயப்பொருள் ஒன்று சூக்கியிடம் இருக்கிறது. அதை வைத்து ஒரே ஒரு வரம் கேட்கலாம். எரிக்கை வேம்பயராக மாற்றியவன் சாவதற்கு முன்பே ஒக்லஹோமாவின் வேம்பயர் ராணியோடு அவனுக்குத் திருமணம் பேசி முடித்துவிட்டான். அந்த ஒப்பந்தத்திலிருந்து தன்னை விடுவிக்க அந்த வரத்தைக் கேட்பாளா என்று எரிக் காத்துக்கொண்டிருக்கிறான். சூக்கி நாளைக் கடத்துகிறாள். பிறகு சாம் அவள் கண்ணெதிரே உயிர் விடுகிறான். அந்த நொடியில் அவள் யோசிக்கவே இல்லை. வரத்தைச் சாமுக்குக் கொடுத்துவிடுகிறாள். எரிக் அதைப் பார்க்கிறான், போய்விடுகிறான். யோசிக்க நேரம் இருந்தபோது ஒருவனுக்குக் கொடுக்காததை, யோசிக்க நேரமே இல்லாதபோது இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டாள். இதைவிடத் தெளிவாக ஓர் ஆசிரியர் எப்படிச் சொல்வது?

சாமின் மனம் அவளுக்கு எப்படிக் கேட்கிறது என்பதையும் பாருங்கள். அவன் உருமாறுகிற இனம். அவன் நினைப்பு அவளுக்கு மங்கலாகத்தான் எட்டும், கதவு சாத்திய அறையில் யாரோ பேசுவதுபோல. ஊராரின் இரைச்சலும் இல்லை, பிணத்தின் மௌனமும் இல்லை. அதோடு சூக்கிக்கு வெயில் பிடிக்கும். முதல் புத்தகத்திலிருந்தே வீட்டு முற்றத்தில் வெயில் காய்கிறவள் அவள். தன்னை வேம்பயராக மாற்ற அவள் ஒருநாளும் சம்மதித்ததில்லை.

இனி உங்கள் பக்கம் நிற்கிறேன். பதின்மூன்றாம் புத்தகம் உங்களை ஏமாற்றிய இடம் இது: எரிக் ஒப்பந்தத்தின்பேரில் போகிறான். அவனும் சூக்கியும் எதிரெதிரே உட்கார்ந்து, ‘நம்மால் முடியாது’ என்று முழுதாகப் பேசித் தீர்க்கவேண்டிய இடத்தில், சட்டமும் ராணியும் வந்து வேலையை முடித்துவிடுகிறார்கள். பத்து வருடம் வளர்த்த ஓர் உறவுக்கு அது போதாது. பழைய தோழி ஆர்லீன் கொலை, பழி சூக்கி மேல், அதைத் துப்பறிவது என்று புத்தகம் வேறு பக்கம் ஓடுகிறது. இதுவரை சூக்கியின் வாய்மொழியாகவே வந்த கதையில் திடீரென்று வில்லன்களின் பார்வையில் பகுதிகள் வருகின்றன. அவள் குரலைக் கேட்கத்தானே வந்தோம்? கடைசிப் புத்தகத்தில் அதைக் குறைத்தது எனக்கும் வருத்தம். சாமும் பாதிப் புத்தகத்துக்கு முகம் கொடுக்காமல் விலகியே நிற்கிறான். அவனைத் தேர்ந்தெடுத்தது சரி என்று வாசகருக்குத் தோன்றுமளவுக்கு ஆசிரியர் அவனுக்குப் பக்கங்கள் ஒதுக்கவில்லை.

என் அம்மா தொடர்கதை வாசகி. பத்திரிகை கையில் கிடைத்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி வைப்பார். ‘பொன்னியின் செல்வன்’ அப்படித்தான் எங்கள் வீட்டில் இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி அதை வாரா வாரம் எழுதி முடித்தபோதும் நேயர்கள் இப்படித்தான் கடிதம் எழுதினார்கள். சட்டென்று முடிந்துவிட்டது என்ற மனக்குறை. அதற்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதி, குந்தவையும் வந்தியத்தேவனும் மணந்துகொண்டார்களா, மற்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொன்னார். அம்மா அந்த முடிவுரையையும் சேர்த்துத் தைத்திருந்தார். ஆனால் அதைத் திரும்பப் படித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டேன். ‘அது சேதிம்மா, கதை இல்லை’ என்றார்.

ஹாரிஸும் அதே 2013 அக்டோபரில், எந்தப் பாத்திரம் பிறகு என்ன ஆனது என்று அகரவரிசையில் சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். உங்களைப் போன்றவர்களின் மனம் அதிலும் ஆறவில்லை. அம்மா சொன்ன காரணம்தான் அதற்கும் என்று நினைக்கிறேன். கதைக்குள் அழமுடியாமல் போனதை, பிறகு வரும் சேதியில் அழமுடியாது.

அந்த ஒற்றை நட்சத்திரத்துக்கு வருகிறேன். அதில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோபம் உங்கள் உரிமை. ஆனால் படித்த பிறகு வரும் கோபத்துக்குத்தான் அந்த உரிமை உண்டு. அந்த மே மாதத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜெர்மனியில் ஒருவர் கைக்குப் புத்தகம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்து, முடிவு ஊரெல்லாம் பரவியது. ஆசிரியருக்கு மிரட்டல்கள் வந்தன. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசகரைச் சந்திப்பதையே அந்த முறை அவர் விட்டுவிட்டார். பதின்மூன்று புத்தகம் எழுதியவர், கடைசிப் புத்தகத்தோடு தன் வாசகர் முன் நிற்க முடியவில்லை. நீங்கள் மிரட்டியவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் நட்சத்திரம் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது. இப்போது முழுதாகப் படித்துவிட்டீர்கள் அல்லவா? அதை எடுத்துவிட்டு, உங்கள் காரணங்களை எழுதுங்கள். இரண்டு நட்சத்திரம் போட்டாலும் சரி.

ஏமாற்றலாமா என்று கேட்டீர்கள். யாரோடு யார் சேரவேண்டும் என்பதில் ஆசிரியர் நமக்குக் கடன்பட்டவர் இல்லை. அந்தப் பிரிவை நம் கண்முன்னே நடத்திக்காட்டுவதில் கடன்பட்டவர். அந்தக் கடனில் பாதியை அவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். உங்கள் கோபம் அந்தப் பாதிக்கானது என்றால் நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுகிறேன்.

பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போகும் முன் ஒரு வேண்டுகோள். நீங்கள் படகில் திறந்த அந்த நான்காம் புத்தகத்தை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். புத்தாண்டு இரவில் சூக்கி வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது, நினைவெல்லாம் அழிந்துபோன எரிக் சாலையோரம் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறான். அவனை வீட்டுக்கு அழைத்துப் போய் ஒளித்து வைக்கிறாள். அப்போது பந்தம் இல்லை, கத்தி இல்லை, ஒப்பந்தம் இல்லை. தான் யார் என்றே தெரியாதவன் அவளிடம் அன்பாக இருக்கிறான். பிறகு பழைய நினைவு திரும்பி வரும்போது அந்த நாட்கள் அவனுக்கு மறந்துபோகின்றன. அவளுக்கு மறக்கவில்லை. நீங்கள் விரும்பிய எரிக் அந்தப் புத்தகத்தில் இருக்கிறான். அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா
கோலாலம்பூர்