வாசல் தெளித்த பிறகுதானே பெருக்குகிறோம்?

கோதாவரிக் கரை நிலக்கரிச் சுரங்கத்தில் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன் நான். தூசி பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

கேள்வி (ஆலங்குளம்): அண்ணாச்சி, கிரஷர் வச்சிருக்கேன். ஜல்லி கொட்டுற இடத்துல நாலு நாஸில் போட்டுத் தண்ணி அடிக்கோம். அப்பவும் தூசி ஊருக்குள்ள வருதுன்னு சண்டை. என்ன செய்யட்டும்?

பதில்: வீட்டில் வாசல் தெளித்த பிறகுதானே பெருக்குகிறார்கள், தம்பி? கிளம்பிவிட்ட புழுதி மேல் யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை. சுரங்கத்திலும் அதேதான். வெட்டும் இயந்திரத்தின் பல் நிலக்கரியில் பதியும் இடத்திலேயே தண்ணீர் விழும். நொறுங்கும்போதே தூள் நனைந்து கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பறந்துவிட்டால் பிடிப்பது பெரும்பாடு. நுரையீரலின் ஆழம்வரை போகிற துகள் 5 மைக்ரானுக்கும் சிறியது (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). பெரிய துளி விழும்போது காற்று அதைச் சுற்றி விலகும், துகளும் காற்றோடு விலகிப் போய்விடும். துளியைப் பொடியாக்கினால் பிடிக்கும். ஆனால் நம்ம ஆனி, ஆடிக் காற்றில் அது நிற்குமா? அதனால் நாஸிலை, கல் நொறுங்கும் வாய்க்கும் ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்கு விழும் இடத்துக்கும் கொண்டுபோங்கள். மேலே தகரம், பக்கத்தில் ரப்பர் திரை போட்டு மூடுங்கள். சல்லடைக்கு முன்னால் அளவாகத் தெளியுங்கள், இல்லாவிட்டால் கண்ணி அடைத்துக்கொள்ளும்.

கேள்வி (அதே தம்பி): பம்பு பிரஷரைக் கூட்டினா?

பதில்: தெளிப்பு தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். சுரங்கத்தில் கண்டபடி கூட்டியபோது தூசி இயந்திரம் ஓட்டுபவர் முகத்துக்கே திரும்பி வந்தது. கூட்டாதீர்கள். போர் தண்ணீரில் மண், துரு வந்தால் நாஸில் அடைக்காமல் இருக்க வடிகட்டி வையுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): நிலக்கரி யார்டுல தண்ணி ஊத்துனா முத்து முத்தா உருண்டு ஓடுதே?

பதில்: நிலக்கரி எளிதில் நனையாது. நனைப்பதற்கென்றே உள்ள ரசாயனத்தைத் துளியளவு கலந்தால் தண்ணீர் பரவும்.

கேள்வி (டிப்ளமோ மாணவர்): சுரங்கத்துல தண்ணி தெளிக்கிறது நுரையீரலுக்காக மட்டும்தானா?

பதில்: இல்லை. பறக்கும் நிலக்கரித்தூள் வெடிக்கும். 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் அப்படித்தான் செத்தார்கள். இயந்திரத்தின் பல், பாறையில் உரசும்போது வரும் பொறியையும் தண்ணீர் அணைக்கிறது. தண்ணீரோடு, வெடிப்பு பரவாமல் இருக்க எரியாத சுண்ணாம்புக்கல் தூளையும் நடைபாதையெங்கும் தூவி வைப்போம்.

கேள்வி (ராதாபுரம்): அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் பத்து வருசமா குவாரில டிரில்லு போடுதாரு. வறட்டு இருமல். துண்டு கட்டித்தான் வேல பாக்காரு, போதுமா?

பதில்: போதாது, தாயி. கருங்கல்லில் இருக்கும் சிலிக்கா நிலக்கரித்தூளைவிடப் பொல்லாதது. துண்டு அதைத் தடுக்காது. அந்தத் தூளால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் நுரையீரல் பழையபடி ஆகாது, காசநோயும் எளிதில் தொற்றும். துளை போடும் கம்பி வழியாகவே தண்ணீர் இறங்கும் டிரில்லைக் கேட்கச் சொல்லுங்கள். இந்த வாரமே பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். குவாரியில் பத்து வருசம் டிரில்லு வேலை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வெறும் காசநோய் என்று மருந்து எழுதிவிடக்கூடும்.