கொலு ரயில் பெட்டிக்குள் விளக்கு: வாசகர் கேள்வி பதில்

புரட்டாசி பிறக்கும் முன்பே இந்தத் தடவை கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கொலுவைச் சுற்றி ஓடும் பொம்மை ரயிலின் பெட்டிகளுக்குள் எப்படி விளக்குப் போடுவது? எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது எச்.ஓ. அளவு (உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு) ரயில் செட் ஒன்று வாங்கி வந்தான். ஒரு இன்ஜின், நான்கு பயணிகள் பெட்டி, 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர். பெட்டிக்குள் வெளிச்சம் வேண்டும் என்று கடையில் கேட்டேன். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை கொடுத்தார்கள். ஒரு பெட்டியின் கூரையில் ஒட்டி, சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுத்து இணைத்தேன். வண்டி வேகமாக ஓடினால் எரிகிறது, மெதுவாகப் போனால் அணைந்துவிடுகிறது. எரியும்போதும் மினுக் மினுக் என்கிறது. எதிர்த்திசையில் ஓட்டினால் எரிவதே இல்லை. எங்கே தவறு?
– வாசகர், திருவாரூர்

பதில்: நீங்கள் இணைத்த விதம் சரிதான், பட்டையும் நல்ல பட்டைதான். அது கேட்கும் வோல்ட்டை உங்கள் தண்டவாளம் எப்போதும் கொடுப்பதில்லை, சிக்கல் அங்கே இருக்கிறது. டி.சி. செட்டில் தண்டவாளத்து வோல்ட்தான் வண்டியின் வேகம். முழு வேகத்தில் 12, கொலுவுக்கு ஏற்ற நிதானமான ஓட்டத்தில் ஐந்து ஆறு, ஸ்டேஷனில் நின்றால் பூஜ்யம். கடைப் பட்டையில் மூன்று மூன்று எல்.இ.டி.க்களைத் தொடராகக் கோத்திருப்பார்கள். ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும் என்றால் மூன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஆறு வோல்ட்டில் அது கண் திறக்காது. எதிர்த்திசையில் எரியாததற்குக் காரணம், திசை மாற்றும்போது தண்டவாளத்தில் பிளஸ் மைனஸ் இடம் மாறுகிறது, எல்.இ.டி. ஒரு பக்கம்தான் மின்சாரத்தை விடும்.

முதலில் ஒரு பிரிட்ஜ் டயோடு போடுங்கள் (பிளஸ் மைனஸ் எப்படி வந்தாலும் ஒரே திசையாக்கிக் கொடுக்கும்), அல்லது 1என்4148 டயோடு நான்கை நீங்களே பிரிட்ஜாகக் கட்டுங்கள். திசைப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. அதில் 1.4 வோல்ட் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பட்டையைக் கழற்றிவிட்டுத் தனித்தனி எல்.இ.டி. மூன்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துப் பக்கவாட்டில், அதாவது பேரலலாக, இணையுங்கள். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றிலும் மூன்றரை மில்லிஆம்பியர் ஓடும், ஆறு வோல்ட்டில் ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவாக ஓடும். இப்போது வரும் எல்.இ.டி.க்கள் அந்தக் கொஞ்சத்துக்கே எரியும்.

மினுக்கலுக்குக் காரணம் சக்கரமும் தண்டவாளமும் விட்டு விட்டுத் தொடுவது. பிரிட்ஜுக்குப் பின்னால் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கண்டென்சர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுப்பது) ஒன்று வைத்தால் அரை நொடி அளவுக்குத் தாங்கும், சின்னச் சின்ன விட்டுப்போதல்கள் கண்ணுக்குத் தெரியாது. கண்டென்சரை எங்கே ஒளிப்பது என்றால், பெட்டியின் கோடியில் இருக்கும் கழிவறை. அங்கே ஜன்னல் மங்கலாகத்தானே இருக்கும், யாரும் உள்ளே பார்க்க மாட்டார்கள்.

ஆனால் வண்டி நின்றால் இதுவும் அணையும். எனக்கு அது பிடிக்காது. ஸ்டேஷனில் நிற்கும் வண்டியைத்தான் கொலு பார்க்க வருபவர்கள் குனிந்து பார்க்கிறார்கள், அப்போது உள்ளே இருட்டாக இருந்தால் என்ன பிரயோஜனம்? உண்மையான பெட்டியிலும் ஓடும்போது அச்சிலிருந்து பெல்ட் மூலம் சுற்றும் டைனமோதான் விளக்குக்கு மின்சாரம் கொடுத்தது, நின்றால் பெட்டிக்கு அடியிலிருந்த பேட்டரி கொடுத்தது. நாமும் பேட்டரி வைத்துவிடலாம். சிஆர்2032 பட்டன் செல் இரண்டைத் தொடராக வைத்தால் 6 வோல்ட். மூன்று எல்.இ.டி., ஒவ்வொன்றுக்கும் 1.5 கிலோ ஓம். மொத்தம் 6 மில்லிஆம்பியர். அந்த செல்லின் கொள்ளளவு 220 மில்லிஆம்பியர் மணி அளவில் இருக்கும், கடைசியில் மங்கினாலும் இருபது மணி நேரத்துக்குக் கவலை வேண்டாம். நவராத்திரி ஒன்பது நாள், விஜயதசமியோடு பத்து. தினம் மாலை இரண்டு மணி நேரம். ஒரு ஜோடி செல் போதும். பெட்டியின் அடியில் சின்ன ஸ்லைடு சுவிட்ச் வைத்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கொலு வீட்டுக்குக் குழந்தைகள் வருவார்கள். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். செல் இருக்கும் இடத்தை ஸ்க்ரூ போட்டு மூடுங்கள், வெறும் டேப் போதாது. பழைய செல்லை மேஜைமேல் விட்டு வைக்காதீர்கள். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண பேட்டரி பிளாஸ்டிக் ரயில். எனக்கு சால்டரிங் தெரியாது. விளக்குப் போட வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக உண்டு அம்மா. மெல்லிய செப்புக் கம்பியில் பொடிப் பொடியாக எல்.இ.டி. பதித்த சரம் ஃபேன்சி கடைகளில் கிடைக்கிறது, பட்டன் செல்லில் எரிவது, இரண்டு மீட்டர் நீளம். மஞ்சள் வெளிச்சம் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். அதை வெட்ட வேண்டாம். வெட்டிக் குறைத்தால் மிச்சமிருக்கும் விளக்குகளுக்கு மின்சாரம் அதிகம் போய்ச் சீக்கிரம் கெடும். முதல் பெட்டியின் கூரையில் இரண்டு மடிப்பாக ஒட்டி, கோடியில் ஒரு துளை வழியே அடுத்த பெட்டிக்கும் அங்கிருந்து மூன்றாவதற்கும் கொண்டுபோங்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் கம்பி கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும், வளைவில் இழுபடாது. அந்த இடத்தில் விளக்கு வந்துவிட்டால் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். செல் பெட்டி கடைசிப் பெட்டிக்குள் போய்விடும். திருவாரூர் வாசகருக்குப் பட்டன் செல் பற்றிச் சொன்னது உங்களுக்கும்தான்.

கேள்வி: நான்கு பெட்டிக்கும் விளக்குப் போட்டுவிட்டேன். எரிகிறது. ஆனால் ரயில் மாதிரி இல்லை, சீரியல் செட் ஓடுவது மாதிரி இருக்கிறது. பெட்டி முழுக்க, சுவர்கூட ஒளிர்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நான் வளர்ந்தது செம்பனார்கோயில் பக்கம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை இருந்தது, 1926-இல் வந்து 1986-இல் நிறுத்தப்பட்டது. இருட்டிய பிறகு வண்டி போகும்போது நாங்கள் திண்ணையில் இருந்து பார்ப்போம். சம்பா நடவு முடிந்த வயலில் தண்ணீர் நிற்கும், நாற்றுகளுக்கு இடையில் அந்த மஞ்சள் ஜன்னல்கள் தலைகீழாக நகர்ந்து போகும். வண்டி தெரியாது, கூரை தெரியாது, சுவர் தெரியாது. ஜன்னல்கள் மட்டும். வெளிச்சமும் பிரமாதமாக ஒன்றும் இருக்காது, உள்ளே உட்கார்ந்தவர் பேப்பர் படிக்கக் கஷ்டப்படுவார். அந்த மங்கலில்தான் ரயில் இருந்தது. நான் செய்யும் ஒவ்வொரு பெட்டியிலும் அதைத்தான் தேடுகிறேன்.

சுவர் ஒளிர்வது பிளாஸ்டிக் மெல்லியதாக இருப்பதால். பெட்டியைப் பிரித்து, கூரையின் உட்புறத்துக்கும் சுவரின் உட்புறத்துக்கும் முதலில் கருப்பு பெயிண்ட், காய்ந்ததும் மேலே வெள்ளையோ இளம் பச்சையோ அடியுங்கள். ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடிக்க வேண்டும். கூரையும் சுவரும் சேரும் இடுக்கில் ஒரு கோடு மாதிரி வெளிச்சம் கசியும், அங்கே உள்ளிருந்து கருப்பு டேப்.

அப்புறம் நிறம். கடையில் சும்மா எல்.இ.டி. என்று கேட்டால் நீலம் பாய்ந்த வெள்ளையைக் கொடுத்துவிடுவார்கள், ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் 6000 அளவில் இருக்கும். அது இன்றைய புதுப் பெட்டிகளுக்குப் பொருந்தும், உழவன் எக்ஸ்பிரஸ் மாதிரி செய்கிறீர்கள் என்றால் அதுவே சரி. பழைய பெட்டிகளுக்கு வார்ம் ஒயிட், 2700 அல்லது 3000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வெள்ளை போட்டுவிட்டீர்கள் என்றால் பிரிக்க வேண்டாம், மஞ்சள் கண்ணாடிக் காகிதம் இருக்கிறதே, கொலுவில் விளக்குக்கு முன்னால் கட்டுவோமே, அதில் ஒரு துண்டு வெட்டி எல்.இ.டி.மேல் ஒட்டுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதன் கீழே ஒரு பட்டர் பேப்பர்.

கடைசியாக வெளிச்சத்தின் அளவு. ரெசிஸ்டரைக் கூட்டுங்கள். 2.2 கிலோ ஓம் இருந்தால் 4.7 போட்டுப் பாருங்கள், 10 போட்டுப் பாருங்கள். பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறை விளக்கை அணைத்து, கொலுப்படியின் விளக்குகள் மட்டும் எரியும்போது, தரையில் உட்கார்ந்து பாருங்கள். சரியாக இருக்கிறது என்று தோன்றும் அளவிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். முதல் நாள் போதாத மாதிரி இருக்கும், இரண்டாம் நாள் கண் பழகிவிடும்.

கேள்வி: அப்பாவின் பழைய மார்க்லின் (ஜெர்மன் கம்பெனி) பொம்மை ரயில் பரணில் கிடைத்தது. தண்டவாளத்தின் நடுவில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றன. இதற்கும் இதே முறைதானா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை, இது வேறு. இரண்டு தண்டவாளமும் ஒரே முனை, நடுப்புள்ளிகள் மறுமுனை. பெட்டிக்கு அடியில் புள்ளிகளை உரசிப்போகும் ஒரு ஸ்லைடர் வேண்டும், சக்கரத்திலிருந்து மட்டும் எடுத்தால் எரியாது. ஓடுவது ஏ.சி. திசை மாற்ற 24 வோல்ட் ஒரு கணம் பாயும். அதன் உச்சம் 34 வோல்ட் வரை போகும் என்பதால் 25 வோல்ட் கண்டென்சர் வைத்தால் வெடிக்கலாம், 50 வோல்ட் வாங்குங்கள்.

அதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். எந்த வோல்ட்டுக்குச் செய்தது என்று தகட்டில் எழுதியிருக்கும், 110 என்றிருந்தால் நம் வீட்டு 230-இல் செருகவே கூடாது. ஒயரின் ரப்பர் இத்தனை வருஷத்தில் காய்ந்து விரிசல் விட்டிருக்கும், எலக்ட்ரீஷியனிடம் காட்டி மாற்றிய பிறகுதான் எதுவும். அப்பாவின் பெட்டிகளில் துளை போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் பாலிடெக்னிக் படிக்கிறேன். டி.சி.சி. முறையில் (தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும், இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை போகும்) ஓட்டுகிறேன். பத்துப் பெட்டிக்கும் கண்டென்சரோடு விளக்குப் போட்டேன். சுவிட்சைப் போட்டதுமே ஷார்ட் என்று கன்ட்ரோலர் நின்றுவிடுகிறது.
– மாணவர், மன்னார்குடி

பதில்: தம்பி, காலியாக இருக்கும் பத்து கண்டென்சரும் ஒரே நொடியில் மின்சாரத்தை உறிஞ்சுகின்றன, கன்ட்ரோலர் அதை ஷார்ட் என்று நினைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கண்டென்சருக்கும் முன்னால் தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் போடு, அந்த ரெசிஸ்டரின் குறுக்கே ஒரு டயோடு, வெளியே வரும் மின்சாரம் தடையில்லாமல் வருகிற திசையில். நிரம்புவது மெதுவாகும், கொடுப்பது மெதுவாகாது. பெட்டிகளைச் சேர்த்து ஒயர் இழுக்க வேண்டும் என்றால் மோட்டார் காயில் கட்டும் கடையில் இருப்பதிலேயே மெல்லிய எனாமல் கம்பியைக் கேள், ஒரு முழம் சும்மாவே கொடுப்பார்கள்.

கேள்வி: தண்டவாளம் இரண்டு வாரத்தில் கருத்துவிடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன். சரியா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். தேய்த்த கீறல்களில்தான் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். உங்கள் ஊர் கடல் காற்றுக்குக் கருக்கத்தான் செய்யும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பழைய பருத்தித் துணியில் நனைத்துத் துடையுங்கள், பெட்டிச் சக்கரங்களையும் சேர்த்து. அது தீப்பிடிக்கும் திரவம். குத்துவிளக்கு ஏற்றும் முன்பே துடைத்து முடித்து, பாட்டிலை வேறு அறையில் வையுங்கள்.

கேள்வி: தாத்தா, பெட்டிக்குள் விளக்கு போட்டாச்சு. உள்ளே ஆள் இல்லாமல் காலியாக இருக்கிறது. ஆள் எப்படிச் செய்வது?
– ஏழாம் வகுப்பு மாணவி, பூம்புகார்

பதில்: எச்.ஓ. என்றால் எல்லாமே 87-இல் ஒரு பங்கு, கண்ணு. ஐந்தரை அடி ஆள் 19 மில்லிமீட்டர் உயரம்தான், உட்கார்ந்தால் இன்னும் குறைவு. காகிதக் கூழோ களிமண்ணோ எடுத்து, தலையும் தோளும் மட்டும் செய். ஜன்னலுக்குக் கீழே எதுவும் தெரியாது, கால் செய்ய வேண்டாம். முகத்தில் கண் மூக்கு வரையாதே, அந்த அளவில் திருஷ்டி பொம்மை மாதிரி ஆகிவிடும். சட்டைக்கு ஒரு நிறம், தலைக்குக் கருப்பு, பாட்டிகளுக்கு வெள்ளை. எல்லா ஜன்னலிலும் ஆள் வைக்காதே, இரண்டு மூன்று காலியாக விடு. கதவுப் பக்கம் ஒருவரை நிற்க வை, விளக்கு அவருக்குப் பின்னால் வருகிற மாதிரி. வைத்த பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.