டி டிரைவில் இருக்கும் விண்டோஸ் கேம் லினக்ஸில் ஏன் ஓடவில்லை?

பாம்பன் வாசகர் கேட்கிறார்: லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸ் மின்ட்டும் இருக்கின்றன. டி டிரைவில் உள்ள விட்சர் 3 கேமை மின்ட்டில் ஸ்டீமோடு (கேம் வாங்கி நிறுவும் செயலி) சேர்த்தேன். 'பிளே' அழுத்தினால் சில நொடியில் நின்றுவிடுகிறது. நெட் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், மறுபடி இறக்க வழியில்லை. தம்பி வேலொரன்ட் என்ற ஆன்லைன் கேமும் கேட்கிறான்.

கேமில் குறையில்லை, அது இருக்கும் இடம்தான் குறை. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீமின் கருவியான புரோட்டான், கேம் உள்ள லைப்ரரியிலேயே 'காம்ப்பாட்டேட்டா' என்ற ஃபோல்டரில் ஒரு போலி விண்டோஸை அமைக்கும். அதில் சி டிரைவைக் குறிக்கும் இணைப்பின் பெயரில் முக்காற்புள்ளி வரும். கோப்புப் பெயரில் அந்தக் குறியை விண்டோஸ் ஏற்காது. உங்கள் டி டிரைவைப் போல விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் உள்ள டிரைவில் இது பாதியில் முறியும், சில சமயம் டிரைவையே குழப்பும்.

எனவே கேமை லினக்ஸ் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். சுமார் 50 ஜிபி காலியிடம் தேவை. முதலில் விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ஷட் டவுன்' கொடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, டிரைவைப் பாதி உறக்கத்தில் விட்டுவிடும். பிறகு மின்ட்டில் ஸ்டீமின் 'ஸ்டோரேஜ்' அமைப்பிலிருந்து டி டிரைவ் லைப்ரரியை நீக்கி, ஸ்டீமை மூடுங்கள். கேம் ஃபோல்டரை ஹோமில் உள்ள ஸ்டீம் லைப்ரரியின் 'காமன்' ஃபோல்டருக்குள் நகலெடுங்கள் (மறைந்திருந்தால் கன்ட்ரோல்+எச்). பெயரை மாற்ற வேண்டாம். ஸ்டீமைத் திறந்து 'இன்ஸ்டால்' கொடுத்தால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். 'மூவ்' வசதியும் உண்டு, ஆனால் அது டி டிரைவில் உள்ளதை அழித்துவிடும். டேட்டாவுக்குத் தட்டுப்பாடு உள்ள வீட்டில் பழைய நகல் கையிருப்பாக இருப்பதே நல்லது.

ஹாட்ஸ்பாட் என்பதால் இன்னொன்று: 'டவுன்லோட்ஸ்' அமைப்பில் ஷேடர் ப்ரீ-கேஷிங்கை (கிராஃபிக்ஸ் கோப்புகளை முன்கூட்டியே இறக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் கேம் கொஞ்சம் திக்கும், டேட்டா மிஞ்சும். புரோட்டானும் அது ஓடத் தேவையான ரன்டைம் கோப்புகளும் எப்படியும் ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும்.

கேம் தொடங்கும்போது டைரக்ட்எக்ஸ் (விண்டோஸின் கிராஃபிக்ஸ் முறை) 11-ஆ 12-ஆ என்று கேட்டால் 11. அந்த அழைப்புகளை டிஎக்ஸ்விகே என்ற அடுக்கு, லினக்ஸிலும் ஓடும் கிராஃபிக்ஸ் முறையான வல்கனுக்கு மாற்றித் தருகிறது. 2022-இல் வந்த அதன் 2.0 பதிப்பு முதல் வல்கன் 1.3 கட்டாயம். இன்டெல் 4-ஆம் தலைமுறை கிராஃபிக்ஸ் மட்டுமே உள்ள லேப்டாப்பில் இதோடு போராடுவது வீண். என்விடியா இருந்தால் மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்படும் டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலொரன்ட் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பான வான்கார்ட், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அமர்வது. எந்தப் புரோட்டான் பதிப்பைப் போட்டாலும் அதற்கு வழியில்லை. தம்பிக்காக விண்டோஸை விட்டுவையுங்கள்.