அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் ஒரு ஜிபி சர்ஜரியில் (குடும்ப டாக்டர்களின் கிளினிக்கில்) கம்யூனிட்டி லிங்க் வொர்க்கராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. சம்பளம் தருவது ஒரு தொண்டு நிறுவனம், வேலை செய்வது சர்ஜரியில். கடன், வீட்டுப் பிரச்சினை, தனிமை, துக்கம், குடி என்று எதுவானாலும் டாக்டர்கள் என்னிடம் அனுப்புகிறார்கள். அவர்களோடு பேசி, உதவக்கூடிய உள்ளூர் அமைப்புகளோடு இணைத்துவிடுவது என் வேலை. சேர்ந்தபோது இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம், "எல்லா அமைப்புகளின் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். கணவரை இழந்த ஓர் அம்மாவுக்கு மூன்று துண்டுப்பிரசுரங்கள் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது மூன்றும் அவருடைய கைப்பையில் மடிப்புக் கலையாமல் இருந்தன. இரவில் படுத்தால் பகலில் கேட்ட கதைகள்தான் மண்டைக்குள் ஓடுகின்றன. சர்ஜரியில் இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். இன்னும் நாலைந்து சான்றிதழ் படிப்பு படித்தால் சரியாகுமா? இல்லை, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா? ராஜினாமா செய்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.
— ஒரு வாசகி, கிளாஸ்கோ

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

லாயக்கில்லாதவராக இருந்தால் அந்தக் கைப்பைக்குள் இருந்தது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. முதலில் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கு அறிவிலோ மனதிலோ குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிவதெல்லாம் ஒன்றுதான்: உங்களைத் தனியாக விட்டிருக்கிறார்கள். சர்ஜரி உங்களைத் தொண்டு நிறுவனத்தின் ஆளாகப் பார்க்கிறது, தொண்டு நிறுவனம் சர்ஜரியின் ஆளாகப் பார்க்கிறது. நடுவில் நீங்கள். சமூகநலத் துறையில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல ஊழியர்கள் இந்த இடைவெளியில்தான் களைத்துப்போய் வேலையை விடுகிறார்கள். இன்னொரு சான்றிதழால் அது தீராது.

இந்த வேலையைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. வேல்ஸில் வேலை பார்த்த டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1971-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவ உதவி அதிகம் தேவைப்படும் மக்களுக்குத்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். ஸ்காட்லாந்தில் மிகவும் வறுமைப்பட்ட மக்களைப் பார்க்கும் 100 சர்ஜரிகளின் டாக்டர்கள் 2009-ல் 'டீப் எண்ட்' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை கிளாஸ்கோவில் உள்ளவை. பத்து நிமிஷச் சந்திப்பில் ஒருவருடைய வாடகை பாக்கியையும் தூக்கமின்மையையும் மகனின் போதைப் பழக்கத்தையும் எந்த டாக்டராலும் கையாள முடியாது என்பது அவர்கள் தினமும் கண்ட உண்மை. அந்தக் குழுவும் ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் அலையன்ஸ் அமைப்பும் சேர்ந்து, ஸ்காட்லாந்து அரசின் பணத்தில், 2014-ல் கிளாஸ்கோவின் ஏழு சர்ஜரிகளில் லிங்க் வொர்க்கர்களை அமர்த்தின. 2018-ல் ஸ்காட்லாந்து அரசு ஜிபிக்களோடு செய்த புதிய ஒப்பந்தத்தில் இந்தப் பணியும் இடம்பெற்றது.

உங்களுக்கு உதவக்கூடிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்த முதல் ஏழு சர்ஜரிகளை கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூர்ந்து பார்த்தார்கள். அனுப்பப்பட்ட எல்லா நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, ஒன்பது மாதத்துக்குப் பிறகு வாழ்க்கைத் தரத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆனால் லிங்க் வொர்க்கரை மூன்று முறையோ அதற்கு மேலோ சந்தித்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. மூன்று முறை வருகிறவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் ஊக்கம் உள்ளவர்களாக இருக்கலாம், அதனால் இதை வைத்து ஒரேயடியாக முடிவு கட்ட முடியாது. என்றாலும் உங்கள் கைப்பை அம்மா இரண்டாம் முறையும் வந்தார், பாருங்கள். பிரசுரத்தைப் பிரிக்கவில்லை, ஆனால் உங்களைத் தேடி வந்தார். மூன்றாம் சந்திப்புக்கு இப்போதே தேதி கொடுங்கள். இந்த முறை தாள் எதுவும் வேண்டாம். ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, முதல் நாள் நீங்களே கூடப் போய் வாருங்கள்.

அதே ஏழில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்று சர்ஜரிகளில் இந்தத் திட்டம் முழுசாக ஒன்றிப்போனது, நான்கில் அரைகுறையாகவே நின்றது. நன்றாக நடந்த இடங்களில் டாக்டர்கள் முதல் ரிசப்ஷன் வரை எல்லோருக்கும் லிங்க் வொர்க்கர் எதற்காக இருக்கிறார் என்ற புரிதல் இருந்தது. தொடக்கத் திட்டத்திலேயே ஊழியர் நலன், சேர்ந்து கற்றல், தொடர்புகளை வளர்த்தல் என்று சர்ஜரி முழுவதும் செய்ய வேண்டியவை இருந்தன. ஓர் ஆளை ஓர் அறையில் உட்காரவைத்து, கதவில் பெயர்ப்பலகை மாட்டுவது அந்தத் திட்டத்தில் எங்கேயும் இல்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

முதல் வேலை, மாதம் ஒரு மணி நேரம் மேற்பார்வைச் சந்திப்பு. எல்லோரும் சூப்பர்விஷன் என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். இத்தனை பேரைப் பார்த்தாயா, படிவம் நிரப்பினாயா என்று உங்கள் மேனேஜர் கேட்பது வேறு, அது நிர்வாகம். நீங்கள் கேட்ட கதையை நிதானமாக இறக்கிவைத்து, "அங்கே நான் சொன்னது சரியா, இனி என்ன செய்வது, இது என்னை ஏன் இப்படி உலுக்குகிறது" என்று பேசுவதற்கான நேரம் வேறு. ஆலோசகர்களும் உளவியலாளர்களும் இது இல்லாமல் வேலை செய்வதில்லை. அவர்கள் கேட்கும் அதே கதைகளை நீங்களும் கேட்கிறீர்கள். இரவில் தூக்கம் போவது உங்கள் பலவீனம் இல்லை. அந்தக் கதைகளுக்குப் போக வேறு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை வாயால் கேட்காதீர்கள். நிறுவனத்தின் மேனேஜருக்கும் சர்ஜரி மேனேஜருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே தாளில் இருந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. விஷயம் இவ்வளவுதான்: "மாதம் ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவருடன் சூப்பர்விஷன் தேவை. சர்ஜரியில் ஒரு டாக்டரை எனக்கான பொறுப்பாளராகக் குறித்துக் கொடுங்கள். நோயாளி உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே நான் யாரிடம் போக வேண்டும் என்று எழுத்தில் தாருங்கள்." மூன்றாவது வரியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். அது நோயாளியையும் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும்.

கூடவே, எது உங்களிடம் வரலாம், எது வரக்கூடாது என்று அந்தப் பொறுப்பு டாக்டருடன் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதுங்கள். மனநல நெருக்கடியில் இருக்கும் ஒருவரை, மனநலச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதற்காக உங்களிடம் தள்ளக்கூடாது. உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலருக்கு இது நடக்கிறது. தமிழோ இந்தியோ பேசும் நோயாளி வந்தால் "கொஞ்சம் மொழிபெயர்த்துவிடு" என்று கூப்பிடுவார்கள். அதற்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைச் சர்ஜரி ஏற்பாடு செய்ய வேண்டும், பணிவாக மறுத்துவிடுங்கள். கிளாஸ்கோவில் நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். கோயிலில் பார்க்கும் முகத்திடம் தன் கடனைச் சொல்ல ஒரு தமிழர் தயங்குவார். அப்படி ஒருவர் வந்தால், "வேறு சர்ஜரியின் லிங்க் வொர்க்கரிடம் பேச விருப்பமா?" என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

இதற்காகவாவது மற்ற லிங்க் வொர்க்கர்களை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது வேலை அது. என் மனதில் முதல் வேலைக்குச் சமமானது.

ஸ்காட்லாந்து முழுவதற்குமாக வாலண்டரி ஹெல்த் ஸ்காட்லாந்து அமைப்பு ஒரு லிங்க் வொர்க்கர் நெட்வொர்க்கை உருவாக்கியிருக்கிறது. அதில் சேர்ந்துகொள்ளுங்கள். ஷெட்லாந்துத் தீவில் இருப்பவருக்கும் உங்களுக்கும் பிரச்சினைகள் ஒன்றாக இராது. ஆனாலும் "எனக்கும் இப்படித்தான்" என்று இன்னொருவர் சொல்வதைக் கேட்பதே பெரிய ஆறுதல். அதைவிட முக்கியம் உங்கள் தெருக்களைத் தெரிந்த நாலைந்து பேர். பக்கத்துச் சர்ஜரிகள் ஏற்கெனவே கிளஸ்டர் என்ற பெயரில் ஒன்றாகக் கூடுகின்றன. அந்தச் சர்ஜரிகளின் லிங்க் வொர்க்கர்கள் யார் யார் என்று கேட்டு, மாதம் ஒருமுறை சந்திக்கலாமா என்று நீங்களே முதல் அழைப்பை விடுங்கள். வேலை நேரத்திலேயே சந்தியுங்கள், மாலையில் சொந்த நேரத்தில் வேண்டாம். சொந்த நேரத்தில் ஆரம்பிக்கும் கூட்டம், குழந்தை வைத்திருப்பவர்கள் வர முடியாமல், சீக்கிரமே நின்றுவிடும்.

கூடுகிற இடம் ஆபீஸாக இருக்க வேண்டாம். ஒரு மாதம் முதியோர் மதிய உணவு நடக்கும் சர்ச் ஹால், அடுத்த மாதம் ஆண்கள் மரவேலை செய்யும் கூடம், இன்னொரு மாதம் உணவு வங்கி. முதல் கால் மணி அந்த இடத்தை நடத்துகிறவர் பேசட்டும். மீதி நேரம் ஆளுக்கு ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். பெயர், தெரு, வயது எதுவும் வேண்டாம். ஒருவர் எங்கே முட்டி நிற்கிறார் என்பது மட்டும் போதும்.

எதற்கு இத்தனை அலைச்சல் என்று மேனேஜர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். அலிஸ் என்ற இணையப் பட்டியல் ஸ்காட்லாந்துக்கே உரியது, நல்லதும்கூட. அதில் ஒரு குழுவின் பெயர், விலாசம், நேரம் கிடைக்கும். ஆனால் அந்த ஹாலுக்கு ஏழு படிகள் ஏற வேண்டும் என்பதும், செவ்வாய்க்கிழமை வரும் பெண்கள் புதியவரை உடனே மேசைக்கு அழைத்துக்கொள்வார்கள் என்பதும், வியாழக்கிழமைக் கூட்டம் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் என்பதும் போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஸ்காட்லாந்தில் 60 வயதானால் பஸ் இலவசம். ஆனால் அந்த அம்மாவின் வீட்டிலிருந்து ஹாலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமென்றால் என்ன பயன்? புதிதாகத் தனியானவர் போகமாட்டார். இப்படிப்பட்ட விவரங்களை நாலைந்து பேரும் ஒரே கோப்பில் எழுதி வையுங்கள். யாரைக் கூப்பிட வேண்டும், படி உண்டா, காத்திருப்பு எவ்வளவு, முதல் நாள் வாசலில் யாராவது வரவேற்பார்களா, கடைசியாக யார் எப்போது சரிபார்த்தது. அந்தக் கடைசிக் கட்டம் இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் அந்தக் கோப்பும் பழசாகிவிடும். சின்னக் குழுக்கள் நிதி தீர்ந்தால் சத்தமில்லாமல் மூடிவிடுகின்றன.

படிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி. அசிஸ்ட் என்று இரண்டு நாள் பயிலரங்கு ஒன்று உண்டு, முடிந்தால் அதற்குப் போங்கள். நேருக்கு நேர் ஒருவரிடம் "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" என்று தயங்காமல் கேட்க அங்கே பழக்குவார்கள். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அந்தக் கேள்வியை வாயால் சொல்லிப் பார்ப்பது வேறு. அடுத்தது, பழைய வன்முறையும் இழப்பும் மனிதர்களை எப்படி மாற்றுகின்றன என்பது பற்றிய பயிற்சி. அதற்கு ஸ்காட்லாந்தின் தேசியத் திட்டமே இருக்கிறது, அரசு மருத்துவத் துறையின் பயிற்சி அமைப்பான என்எச்எஸ் எஜுகேஷன் ஃபார் ஸ்காட்லாந்து அதன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. மூன்றாவது, அரசு உதவித்தொகைகள். மாற்றுத்திறனாளிகளுக்கான அடல்ட் டிஸெபிலிட்டி பேமென்ட், ஸ்காட்டிஷ் வெல்ஃபேர் ஃபண்டின் அவசர உதவி போன்றவை யாருக்குக் கிடைக்கும் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். விண்ணப்பத்தை நிரப்ப அதற்கென்று ஆலோசகர்கள் உண்டு. கிளாஸ்கோவில் பல சர்ஜரிகளுக்கு அப்படிப்பட்டவர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். உங்கள் சர்ஜரிக்கும் வருகிறாரா என்று கேளுங்கள். வந்தால் நெருங்கிய சிநேகிதியாக்கிக்கொள்ளுங்கள்.

சர்ஜரிக்குள்ளேயும் ஒரு வேலை இருக்கிறது. ரிசப்ஷனில் ஒரு காலை முழுவதும் உட்காருங்கள். ஒரு டாக்டரிடம் கேட்டு, நோயாளியின் சம்மதத்தோடு, அரை நாள் பக்கத்திலிருந்து கவனியுங்கள். பதிலுக்கு ஊழியர் கூட்டத்தில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, நல்லபடி முடிந்த ஒரு விஷயத்தையும் முடியாமல் போன ஒன்றையும் சொல்லுங்கள். நோயாளியை உங்களிடம் அனுப்பியபின் என்ன ஆயிற்று என்று டாக்டர்களுக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தால் அனுப்புவதும் மாறும்.

வேலை நிலைக்குமா என்ற பயமும் உங்கள் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. நியாயமான பயம்தான். 2023-ல் கிளாஸ்கோவில் இந்தப் பணியிடங்களில் ஒரு பங்கைக் குறைக்கத் திட்டம் வந்தது. டீப் எண்ட் டாக்டர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், பிறகு அரசு மூன்று ஆண்டுகளுக்கு நிதி ஒதுக்கியது. மூன்று ஆண்டு என்பது நிரந்தரம் இல்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள்.

ராஜினாமாவை இப்போது முடிவு செய்யாதீர்கள். அந்த மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள். மூன்று மாதம் பொறுங்கள். ஒரு மணி நேர சூப்பர்விஷனும் இல்லை, சக ஊழியர்களைச் சந்திக்க அனுமதியும் இல்லை என்றால் இந்தத் தொழிலை விடாமல் அந்த இடத்தை மட்டும் மாற்றுங்கள். உங்களுக்குத் தெரிய வரும் அந்த நாலைந்து பேரில் ஒருவருக்கு, எந்தச் சர்ஜரியில் ஆள் தேடுகிறார்கள், எங்கே ஊழியரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது கட்டாயம் தெரிந்திருக்கும். அதுவரை ஏதாவது ஓர் இரவு தாங்க முடியாமல் போனால், நோயாளிகளுக்கு நீங்கள் கொடுக்கும் பிரீதிங் ஸ்பேஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் எண் 0800 83 85 87 உங்களுக்கும் உரியதுதான். கூப்பிடுங்கள்.