பேஸ்புக் பக்கம் நடத்த லைசன்ஸ் வேண்டுமா?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டத்துச் செய்திகள் போடும் பேஸ்புக் பக்கம் ஒன்று நடத்துகிறேன். எங்கள் லயத்துப் பீலியில் கலங்கல் தண்ணீர் வருவதை வீடியோ எடுத்துப் போட்டேன். "புள்ளைகளுக்கு வயித்தால போகுது, துரை தண்ணிக் காச முழுங்கிட்டாரு" என்றும் அதில் சொன்னேன். தோட்ட முகாமையாளரான துரை பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். "மீடியா லைசன்ஸ் இருக்கா? இல்லாட்டி அஞ்சு வருஷம் உள்ள" என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அம்மா இன்னும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார். வீடியோவை அழித்துவிடவா?

பதில்: அழிக்காதீர்கள் தம்பி. பயமாக இருந்தால் பக்கத்தில் தெரியாதபடி மறைத்து வையுங்கள். ஆனால் மூலப் பதிவு போனிலும் வேறோர் இடத்திலும் இருக்கட்டும். நாளைக்கு அதுதான் உங்கள் சாட்சி.

லைசன்ஸ் கதையை முதலில் முடித்துவிடுவோம். பேஸ்புக் பக்கம் நடத்த இலங்கையில் எந்த லைசன்ஸும் தேவையில்லை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தேவை. 1966ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழும் 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிச் சட்டத்தின் கீழும் தனியார் நிலையங்கள் அனுமதி பெற வேண்டும். அலைவரிசைகள் ஓர் அளவுக்குத்தான் இருக்கின்றன, அதுதான் காரணம். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஏறும்போது ரேடியோவில் இரண்டு நிலையங்கள் ஒன்றாகக் கலந்து இரைவதைக் கேட்டிருப்பீர்கள். ஆளாளுக்கு ஒலிபரப்பினால் ஒருவர் பேச்சும் கேட்காது. அதற்காக எல்லாவற்றையும் அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிடவும் முடியாது. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றுக்கு மசோதா வந்தபோது, அலைவரிசை பொதுச்சொத்து, அதை மேற்பார்க்கும் அமைப்பு அரசாங்கத்திடமிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தடுத்தது. பத்திரிகையின் கதை வேறு. அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக 1839ஆம் ஆண்டிலிருந்தே பதிவு முறை இருக்கிறது. 1973இல் பத்திரிகைப் பேரவைச் சட்டமும் வந்தது.

உங்கள் போனுக்கு இந்தக் காரணங்கள் பொருந்தாது. ஊடக அட்டை என்பது கூட்டங்களுக்குள் நுழைய உதவும் ஓர் அடையாளம், பேசுவதற்கான அனுமதிச்சீட்டு அல்ல. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைப் பிரஜை ஒவ்வொருவருக்கும் தருகிறது. நிருபருக்கு மட்டும் என்று அதில் இல்லை.

ஆக, லைசன்ஸ் இல்லை என்பதற்காக உங்களைப் பிடிக்க முடியாது. என்ன சொன்னீர்கள் என்பதைத்தான் சட்டம் பார்க்கும். நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர் கலங்கல் என்பது வீடியோவிலேயே தெரிகிறது. பிள்ளைகளின் வயிற்றுப்போக்குக்குத் தோட்ட வைத்தியசாலைத் துண்டோ கிளினிக் கொப்பியோ இருந்தால் இன்றே படம் எடுத்து வையுங்கள். தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும்.

சிக்கல் துரை காசை முழுங்கினார் என்பதில்தான். கையில் ரசீது, கணக்கு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீதியைப் போடுங்கள். அவதூறு 2002இலிருந்து இங்கே குற்றம் அல்ல. அதனால் அவதூறு என்று மட்டும் சொல்லிப் பொலிஸ் வழக்குப் போட முடியாது. ஆனால் துரை மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். அங்கே சொன்னது உண்மை, சொன்னதில் பொதுநன்மையும் உண்டு என்று இரண்டையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். தண்ணீர் விஷயத்தில் அது சுலபம். காசு விஷயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

அந்த ஐந்து வருஷம் எங்கிருந்து வந்தது என்றால், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலிருந்து. பொதுச் சுகாதாரத்துக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலான பொய்க் கூற்றுக்கு ஐந்து வருஷம் வரை சிறை என்பது உண்மைதான். ஆனால் பொய் என்று தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னதைத்தான் அது பொய்க் கூற்று என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்தும் எச்சரிக்கையும் அதில் சேராது. பீலித் தண்ணீரைக் காட்டியவரை இதில் மாட்டுவது கஷ்டம். சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு அது வந்த நாளிலிருந்தே இருக்கிறது, எனக்கும் அதே எண்ணம்தான்.

உங்கள் பதிவைவிட அதன் கீழே வந்திருக்கும் கமெண்டுகள்தான் எனக்குப் பயம். துரையின் இனத்தை இழுத்து யாராவது அடி, விரட்டு என்று எழுதியிருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மறைத்துவிடுங்கள். 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) இனப்பகை தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அதில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுவதும் முடக்கினார்கள். இன்று பொலிஸார் பேஸ்புக் பதிவுகளைக் கண்டு பதறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. அதையே தண்ணீர் கேட்பவர் மேல் காட்டுவதுதான் அநியாயம்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். சட்டத்தரணி கூட வருவதற்கு 2012ஆம் ஆண்டின் விதிகளிலேயே இடமிருக்கிறது. காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள். சிங்களத்தில் எழுதிவிட்டு "சைன் பண்ணுங்க" என்று நீட்டினால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், விளங்காமல் கையெழுத்து வேண்டாம். "இனிமேல் வீடியோ போடமாட்டேன்" என்று எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். போனை எடுத்தால் ரசீது வாங்குங்கள். கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். உரிமை மீறல் நடந்தால் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

அம்மாவின் விஷயம். மகன் போட்ட வீடியோவுக்காக அம்மாவை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. நிறுத்தினால் தொழில் நியாயசபைக்குப் போகலாம். இப்போதைக்கு அவர் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாமல் இருக்கட்டும். யார், எந்தத் தேதியில், என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.