நுரைக் கான்கிரீட் அமுங்குகிறதா? சாம்பலைச் சோதித்துப் பாருங்கள்
வணக்கம். கன மீட்டருக்கு 600 கிலோ எடையில் நுரைக் கான்கிரீட் (சிமென்ட் காரையில் நுரையைக் கலந்து செய்யும் லேசான கான்கிரீட்) ஊற்றுகிறீர்கள். சிமென்ட்டில் பாதிக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்த்ததிலிருந்து அச்சில் இரண்டு விரற்கடை இறங்கிவிடுகிறது, அடிப்பக்கம் மட்டும் கனத்துப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் அந்தச் சாம்பல் மேல்தான்.

சாம்பலில் எரியாத கரி மிச்சமிருந்தால் அது நுரை உண்டாக்கும் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். குமிழியின் தோல் வலுவிழந்து உடையும். போதாக்குறைக்கு, கலவை இறுகுவதும் தாமதமாகும். இறுகும்வரை குமிழி தாக்குப்பிடிக்க வேண்டும், இந்த வேலையின் சூட்சுமமே அதுதான். சின்னக் குமிழிக்குள் அழுத்தம் அதிகம் என்பதால் அதன் காற்று பக்கத்துப் பெரிய குமிழிக்குள் கசிந்துவிடும். நேரம் நீள நீளப் பெரியது இன்னும் பெருக்கும். ஒரு கட்டியை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். மேல்பாதியில் பட்டாணி அளவு ஓட்டைகளும் அடியில் நெருக்கமான சிமென்ட்டும் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

முதலில் சாம்பலே இல்லாமல் ஒரு சின்ன அச்சு ஊற்றுங்கள். அது இறங்காமல் நின்றால் சாம்பல்தான் காரணம் என்பது உறுதி. கரி குறைந்த சாம்பலாக வாங்கி, அளவையும் குறையுங்கள். சாம்பல் இல்லாத அச்சும் இறங்கினால் காரையில் தண்ணீர் போதுமா என்று பாருங்கள். கெட்டியான காரை நுரையிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். எதுவானாலும் அச்சில் ஊற்றுமுன் ஒரு லிட்டர் கலவையை எடைபோட்டுச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

பாரம் தாங்குமா என்றும் கேட்டீர்கள். 600 கிலோ எடையில் வேண்டவே வேண்டாம். எடை குறைவதைவிட வேகமாக வலு குறையும். வெப்பத்தைத் தடுக்க அது நல்ல சரக்கு. பாரத்தைத் தூண்களிடம் விடுங்கள்.