ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தில் வரும் வியாபாரி லோபாகின், பாரம்பரியத்தின் அருமை தெரியாத பணப்பேய்தானே?

உங்கள் கேள்வியில் இருந்த ‘பணப்பேய்’ என்ற அந்த ஒரு சொல்தான் என்னை எழுத வைத்தது. நீங்கள் நாடகத்தைப் பாடமாகப் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடைசியில், அவன் வாங்கிய தோட்டத்தில் மரம் வெட்டும் கோடரிச் சத்தம் கேட்கும்போது யாருக்கும் அவன்மேல் ஆத்திரம் வரும். கல்லூரியில் படித்தபோது எனக்கும் வந்தது.

ஆனால் கடனில் மூழ்கி ஏலத்துக்கு வரவிருந்த அந்தப் பண்ணையைக் காப்பாற்ற உருப்படியாக வழி சொன்னவன் அவன் ஒருவன்தான். நிலத்தை மனை மனையாகப் பிரித்து, கோடை வீடு கட்டுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டால் வருஷத்துக்குக் குறைந்தது 25,000 ரூபிள் வரும் என்று முதல் அங்கத்திலேயே கணக்குச் சொல்கிறான். தோட்டத்தை வெட்ட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆகஸ்ட் 22 ஏலம் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறான். அதெல்லாம் மட்டமான விஷயம் என்று பண்ணையின் சொந்தக்காரி ரனேவ்ஸ்காயா ஒதுக்கிவிடுகிறாள். வீட்டில் ஆட்களுக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது வழிப்போக்கனுக்குத் தங்கக் காசைத் தூக்கிக் கொடுக்கிறாள். அண்ணன் கயேவ் நூறு வயசான புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று கண்கலங்கப் பிரசங்கம் செய்கிறார். அந்தக் காலத்தில் செர்ரியை உலர்த்தி வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கு அனுப்பிக் காசு பார்த்தோம் என்று கிழட்டு வேலைக்காரர் ஃபீர்ஸ் சொல்கிறார். அந்தப் பக்குவம் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. இதையா பாரம்பரியம் என்கிறீர்கள்?

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் பண்ணையாள். சாப்பாடு கொல்லைப்புறத்தில், இலையில். என் அப்பா நெல் வியாபாரத்தில் காசு சேர்த்து, 2009-ல் அந்த வீட்டையே வாங்கினார். விற்றவர்கள் சொன்ன விலைக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. (பட்டாவில் பெயர் மாற்ற மட்டும் 14 மாசம் அலைந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைகிறது என்பார்கள். பணம் கட்டி வாங்கியவனைத் திருடனைப் போல நிற்க வைப்பது என்ன நியாயம்? அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.)

சாவி கைக்கு வந்த அன்று அப்பா கூடத்தைப் பார்க்கவில்லை, தேக்குத் தூணைத் தொடவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குள் போனார். சுவரில் கரி ஏறியிருந்தது. அடுப்பு மேடைமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போகத் தோன்றவில்லை.

ஏலம் முடிந்து வந்து லோபாகின் சொல்வது அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது: என் அப்பனும் பாட்டனும் அடிமையாகக் கிடந்த பண்ணையை, சமையலறைக்குள்ளேகூட அவர்களை விடாத பண்ணையை நான் வாங்கிவிட்டேன் என்கிறான். கடனுக்கு மேலே 90,000 கொடுத்து வாங்கியவன், அடுத்த நிமிஷமே ரனேவ்ஸ்காயாவைப் பார்த்து, ஏன் என் பேச்சைக் கேட்கவில்லை என்று அழுகிறான். சின்ன வயதில் தகப்பனிடம் அடி வாங்கி மூக்கில் ரத்தம் வழிய நின்றவனுக்கு முகம் கழுவிவிட்டவள் அவள். அதை அவன் மறக்கவே இல்லை. அந்த வீட்டில் அவனுக்கும் ஒரு பரம்பரைப் பங்கு இருக்கிறது. அது பத்திரத்தில் ஏறாத பங்கு.

பழைய குடும்பங்களை நான் இழிவாகப் பேசுகிறேன் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இல்லை. ரனேவ்ஸ்காயாவின் துக்கம் பொய்யில்லை, அவள் பிள்ளை ஏழு வயசில் அந்தப் பண்ணை ஆற்றில்தான் மூழ்கிப் போனான். எங்களுக்கு வீடு விற்றவர்களின் மகளும் ஒருமுறை வந்து, கொல்லையில் மாமரங்கள் இருந்த இடத்தைப் பார்த்து, “எப்படி அண்ணே வெட்ட மனசு வந்துச்சு?” என்று அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பதினெட்டு வருஷமாக அந்த மரங்களுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வந்ததில்லை.

அப்பா பின்கட்டை இடித்துக் களஞ்சியம் கட்டினார். சமையல்கட்டை மட்டும் தொடவில்லை. விதைநெல் மூட்டைகளை அங்கேதான் அடுக்குகிறார்.